கப்பலின் ‘பேட்ஜ்’: பொறியா, சின்னமா, இலச்சினையா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’ (நகரம், குடும்பம் போன்றவற்றின் கேடயச்சின்னம்), ‘ஷிப்ஸ் பேட்ஜ்’ (ஒரு கப்பலுக்கே உரிய அடையாளம்), ‘கிரெஸ்ட்’ (கேடயச்சின்னத்தின் உச்சியில் நிற்கும் உருவம்) மூன்றுக்கும் ‘இலச்சினை’ என்றே எழுதிவருகிறோம். மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் எது எதுவென்று வாசகருக்குப் புரியாது. எம்டன் கப்பலை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகத் தெரியும்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்து, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அந்த ஜெர்மானியக் குரூசருக்குப் பெயர் தந்தது வடமேற்கு ஜெர்மனியின் எம்டன் நகரம். 1908-இல் டான்சிக்கில் கப்பலை நீரில் இறக்கியபோது பெயர் சூட்டியவர் அந்நகர மேயர். கப்பலின் முன்பகுதியான அணியத்தில் பொருத்தப்பட்டிருந்ததும் நகரத்தின் சின்னமே. 1495-இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் நகரத்துக்கு வழங்கிய அதே சின்னம். கப்பலுக்கென்று யாரும் புதிதாக வரையவில்லை.

பிரிட்டிஷ் வழக்கம் வேறு. முதல் உலகப்போர் முடியும் காலத்தில் சார்ல்ஸ் ஃபோக்ஸ் என்பவர் ஒவ்வொரு கப்பலுக்கும் தனியே ஒரு பேட்ஜ் வரையத் தொடங்கினார். சுற்றிலும் கயிற்று விளிம்பு, அதன் மேலே, கப்பற்பாயின் உருவமும் கப்பலின் பின்புற உருவமும் மாறிமாறி வரும் கடற்படை முடி. பெரும் போர்க்கப்பலுக்கு வட்டம், குரூசருக்கு ஐங்கோணம், நாசகாரிக்குக் கேடயம், துணைக்கப்பல்களுக்குச் சாய்சதுரம் என்று வடிவத்தைப் பார்த்தே கப்பலின் வகையைச் சொல்லிவிடலாம். பின்னாளில் எல்லாம் வட்டமாயின. இந்தியக் கடற்படையும் இந்த மரபையே எடுத்துக்கொண்டது. முடி இருந்த இடத்துக்கு அசோகரின் சிங்கங்கள் வந்தன.

ஒன்று பெயர் தந்த ஊருக்கு உரியது, மற்றது கப்பலுக்கே உரியது. இந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும். பேட்ஜுக்கு ‘கப்பற்பொறி’ என்று முன்வைக்கிறேன். புலிப்பொறி, விற்பொறி, கயற்பொறி நமக்குப் பழகியவை. ‘இலச்சினை’ முத்திரைக்கே இருக்கட்டும். சோழர் செப்பேட்டு வளையத்தில் புலியும் இரு கயலும் வில்லுமாக அழுத்தப்பட்டிருப்பதுதான் இலச்சினை.

—

> பேட்ஜுக்கு ‘கப்பற்பொறி’ என்று முன்வைக்கிறேன்.

ஐயா, இலச்சினையை விலக்கியது சரி. ஆனால் ‘கப்பற்பொறி’ என்றதும் படிப்பவர் மனத்தில் வருவது எஞ்சின். கப்பல் பொறியாளர் என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது, ‘கப்பற்பொறி சேதமடைந்தது’ என்று எழுதினால் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டதென்றே கொள்வார்கள். இந்த வழியில் போனால் இத்தகைய சின்னங்களை ஆராயும் ஹெரால்ட்ரி துறையும் ‘பொறியியல்’ ஆகிவிடும்.

நீங்கள் காட்டிய மூன்று பழஞ்சொற்களையும் பாருங்கள். பொறிக்கு முன்னால் நிற்பது உருவத்தின் பெயர், உரியவரின் பெயர் அல்ல. சோழப்பொறி என்று சொல்வதில்லை, புலிப்பொறி என்றே சொல்கிறோம். ஆகவே கேடயத்தின் மேல் வரையும் உருவத்துக்கு, ‘சார்ஜ்’ என்பார்களே, அதற்குப் பொறி மிகப் பொருத்தம். முழு அமைப்புக்குச் ‘சின்னம்’ போதும்: நகரச்சின்னம், கப்பற்சின்னம்.

‘கிரெஸ்ட்’ பற்றி ஓர் எச்சரிக்கை. ஹெரால்ட்ரியில் அது தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டும். இந்தியக் கடற்படை வழக்கில் முழு பேட்ஜையும் கிரெஸ்ட் என்பார்கள். அகராதியைப் பார்த்து ‘முகடு’ என்று போட்டால் அலையின் முகடாகிவிடும். கடற்படைச் செய்தியில் வந்தால் ‘கப்பற்சின்னம்’, பிரபுக்குடும்பச் சின்னத்தில் வந்தால் ‘உச்சியுரு’.

—

> கேடயத்தின் மேல் வரையும் உருவத்துக்கு... பொறி மிகப் பொருத்தம்.

முழுமையாக ஏற்கிறேன். கப்பற்பொறியைத் திரும்பப் பெறுகிறேன். பிரிட்டிஷ், இந்திய வகைக்குக் கப்பற்சின்னம். எம்டன் தாங்கியதற்கு ‘அணியச்சின்னம்’. அணியம் கடலோடிகளின் நாவில் இன்றும் இருக்கும் சொல், அதை விடக் கூடாது.

எம்டன் நகரச்சின்னத்தை இச்சொற்களால் வண்ணித்துப் பார்த்தேன். முதலில் புலம் (கேடயத்தின் பின்னணி), அடுத்து முதன்மைப் பொறி, பிறகு மற்றவை என்பது முறை:

“கரும்புலம்; அதில் முடி சூடிய, சிறகு விரித்த பொற்பெண்முகக்கழுகுப்பொறி; கீழே செந்நிற மதில்; அதன் அடியில் அலைகள்.”

‘பொற்பெண்முகக்கழுகுப்பொறி’ வாயில் நுழையாது. ‘பொன்னிறப் பெண்முகக் கழுகு’ என்று பிரித்தே எழுதலாம். பொறி என்ற சொல் விளக்கத்தில் வந்தால் போதும். அவ்வூரார் இதை ‘மதில்மேல் குட்டித் தேவதை’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். அதைப் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் தேவதை என்றே எழுதிவிடுகிறார்கள். அது தேவதை அல்ல, எம்டன் அமைந்த கிழக்கு ஃப்ரீசியப் பகுதியை ஆண்ட சிர்க்சேனா குடும்பத்தின் கழுகு. பொன் என்பதை மஞ்சள் என்றும் எழுத வேண்டாம். ஹெரால்ட்ரியில் பொன்னும் வெள்ளியும் உலோகம், கருப்பு, சிவப்பு போன்றவை நிறம்; உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வரக்கூடாதென்பது விதி. கரும்புலத்தின் மேல் பொன் என்று எழுதினால்தான் விதி பேணப்பட்டது தெரியும்.

வலம், இடம் இரண்டும் கேடயம் ஏந்தியவருடையவை, பார்ப்பவருடையவை அல்ல. படத்தைப் பார்த்து எழுதினால் தலைகீழாகிவிடும். ‘ஏந்துவலம்’, ‘ஏந்திடம்’ என்று வைத்தால் குழப்பம் வராது.

இன்னொன்றுக்குச் சொல் வேண்டும். 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலால் எம்டன் அழிந்தது. ஜெர்மன் பேரரசர் கைசர் எம்டன் கப்பலுக்கே இரும்புச்சிலுவை என்ற வீர விருதை வழங்கினார். அடுத்து அப்பெயரேற்ற எம்டனும், 1925-இல் நீரில் இறங்கிய மூன்றாவது எம்டனும் அணியத்தில் அச்சிலுவையைத் தாங்கின. உயிர்தப்பிய மாலுமிகள் தம் குடும்பப்பெயருடன் ‘எம்டன்’ சேர்த்துக்கொள்ளவும் உரிமை கிடைத்தது. இருக்கும் சின்னத்தோடு பெருமைக்காகச் சேர்க்கும் அச்சிலுவை போன்ற பகுதிக்கு ‘விருதுப்பொறி’ எப்படி? ‘விருது’ பழைய வழக்கில் வெற்றிக்கொடியையும் குறித்தது. ‘பதக்கம்’ என்று யாரும் படித்துவிடாமல் இருக்குமா என்பதுதான் என் தயக்கம். கருத்துச் சொல்லுங்கள்.