எக்செல் வரைபடத்தில் இலட்சம், கோடி முறையில் காற்புள்ளி இடுவது எப்படி?

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கைக்காகத் தயாரிக்கும் பட்டை வரைபடத்தில், 1,23,45,678 என்று வரவேண்டிய தொகை 12,345,678 என்றே வருகிறது. உறுப்பினர்கள் பார்த்தவுடன் படிக்கும்படி இதை மாற்ற வழி உண்டா?

பதில் 1: உண்டு. செங்குத்து அச்சின் மீது வலச்சொடுக்கி, ‘ஃபார்மேட் ஆக்சிஸ்’ பலகத்தில் ‘நம்பர்’ பகுதியைத் திறந்து, ‘லிங்க்டு டு சோர்ஸ்’ குறியை நீக்கியபின், கீழுள்ள குறிமுறையை இட்டு ‘ஆட்’ பொத்தானை அழுத்துங்கள்.

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

பின்சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் எக்செல் காற்புள்ளியை ஆயிரம் பிரிப்பானாகவே எடுத்துக்கொள்ளும். பட்டைகளின் மேலுள்ள எண்களுக்கும் இதைத் தனியாகச் செய்யவேண்டும்.

பதில் 2: மேற்கண்ட குறிமுறை நல்லதுதான். ஆனால் நட்டக் கணக்கு இருந்தால் கவனம் தேவை: எதிர்ம எண்கள் மூன்றாம் பகுதிக்குள் விழுவதால், பன்னிரண்டரை இலட்சம் நட்டம் -1,250,000 என்றே தோன்றும். அத்தகைய வரைபடத்தில், அதே பலகத்தின் ‘டிஸ்ப்ளே யூனிட்ஸ்’ பட்டியலில் 100000 என்பதைத் தேர்ந்து, எண் வடிவத்தை 0.0 என்று வைத்து, அச்சின் ஓரத்தில் ‘இலட்சம் ரூபாயில்’ என்று எழுதிவிடுவதையே நான் விரும்புவேன். அச்சிட்ட அறிக்கையில் எட்டு இலக்க எண்கள் நெருக்கியடித்து நிற்பதைவிட 123.5 என்பது கண்ணுக்கு இதமானது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. நட்டம் காட்டும் ஆண்டுகளும் இருப்பதால், இரண்டாம் வழியையே பின்பற்றுகிறேன்.