பாட்டியின் ரோஸ் கட் வைரத்தைப் புது மாதிரி பட்டை தீட்டலாமா?

கல்மோதிரம்:
பாட்டியின் மோதிரம் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. நடுவில் ரோஸ் கட் வைரம், சுற்றிலும் ஆறு சின்னச் சிவப்புக் கற்கள், பின்பக்கம் முழுக்கத் தங்கத்தால் மூடியிருக்கிறது. பகலில் பார்த்தால் வைரம் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது, ஆனால் ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் மெழுகுவர்த்தி ஏற்றியபோது அதே கல் அப்படி மினுங்கியது, கையை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடையில் காட்டினால், கல்லைக் கழற்றி இப்போதைய மாதிரி பட்டை தீட்டி, பின்பக்கம் திறந்திருக்கும் ஓபன் செட்டிங்கில் வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பட்டறைவாசி:
செய்யாதீர்கள். ரோஸ் கட் கல்லின் அடி தட்டை, மேலே மட்டும் கூரை மாதிரி முக்கோணப் பட்டைகள். உள்ளே போகும் வெளிச்சத்தில் நிறைய அடிவழியாகத் தப்பிவிடும், அதைத் திருப்பி அனுப்பத்தான் கல்லுக்குக் கீழே மெல்லிய உலோகத் தகடு வைத்துப் பின்பக்கத்தை மூடினார்கள். எல்லாம் விளக்குச் சுடருக்காகச் செய்த வேலை, நீங்கள் மெழுகுவர்த்தியில் பார்த்ததுதான் அந்தக் கல்லின் நிஜ முகம். இப்போதைய ப்ரில்லியன்ட் கட் வேறு கணக்கு: அடிப்பக்கம் கூம்பாக இறங்கும், கோணம் சரியாக இருந்தால் வெளிச்சம் உள்ளேயே முட்டித் திரும்பி மேலே வந்துவிடும், தகடே வேண்டாம். அந்தக் கோணங்களை 1919இல் வைரம் தீட்டும் குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டார். உங்கள் கல்லில் அந்த ஆழமே கிடையாது, அதில் கூம்பு எடுக்கப் போனால் மிஞ்சுவது ஒரு பொட்டுதான்.

நவமணி:
கோகினூருக்கு நடந்ததும் இதுதான். 1851இல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது, இதில் ஜொலிப்பே இல்லையே என்று வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அடுத்த வருஷமே மறுபடி தீட்டினார்கள், இன்றைய கணக்கில் சுமார் 191 காரட் இருந்த கல் 105.6 காரட் ஆனது. ஜொலிப்பு கூடியது, ஆனால் அதற்கு முன் இருந்த வடிவம் போனது போனதுதான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்.

அப்புறம் அந்தச் சிவப்புக் கற்களை மாணிக்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டிஷ் அரச கிரீடத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல், மாணிக்கம் மாதிரியே சிவப்பாக இருக்கும் வேறொரு கல். மூடிய நகையில் இன்னொரு சிக்கல், அடியில் வைத்த நிறத்தகடே சிவப்பைக் கூட்டிக் காட்டலாம். கல்லின் மேல்முகம் தட்டையாக இருந்தால் கழற்றாமலே ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) பார்க்கலாம்: மாணிக்கம் 1.76க்கு மேல், ஸ்பினல் 1.72 பக்கம்.

கல்மோதிரம்:
ரொம்ப நன்றி, கழற்றப் போவதில்லை. ஆனால் பகலில் தெரியும் அந்தச் சாம்பல் நிறம் தகட்டின் கோளாறா? சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாமா?

பட்டறைவாசி:
ஐயோ, தண்ணீர் ஆகவே ஆகாது! ஓரத்து இடுக்கு வழியாக ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்துவிடும், உங்களுடையது ஏற்கெனவே கொஞ்சம் கறுத்திருக்கலாம். நகையைத் திரவத்தில் போட்டு ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் மெஷினிலும் போட விடாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் மேலாகத் துடைத்தால் போதும், கை கழுவும்போது மறக்காமல் கழற்றி வையுங்கள். தகடு மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய நகை வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், அதே மாதிரி தகடு வெட்டி வைத்து மறுபடி மூடித் தருவார்.