மூடின மில்லில் கல்யாண மண்டபம்: விடலாமா, கூடாதா?

நெல்மூட்டை:
இலங்கையின் கிழக்கே, சம்மாந்துறைப் பக்கம் எங்கள் வீதி முழுக்க ஒரு காலத்தில் நெல் அவிக்கிற மில்கள். இப்போது மூன்றுதான் ஓடுகின்றன. மூடிக் கிடந்த ஒன்றை வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் வாங்கி, கல்யாண மண்டபம் ஆக்கப் போகிறார். பக்கத்து மில்காரர்கள் விடமாட்டோம் என்கிறார்கள். தகரம் துருப்பிடித்து வௌவால் குடியிருந்த இடம் அது. ஹார்ட்வெயார், மரக்காலை எல்லாம் இதே வீதியில் வந்துவிட்டன. அதற்கு விட்டவர்கள் இதை மட்டும் ஏன் மறிக்கிறார்கள்?

உமிப்புகை:
தம்பி, நானும் மில்காரன்தான். ஹார்ட்வெயாருக்கு வருகிறவன் சீமெந்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். கல்யாணத்துக்கு வருகிறவன் வெள்ளைச் சட்டையோடு நாலு மணித்தியாலம் இருப்பான். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக நெல் வந்தால் எங்கள் பொயிலர் இரவு பகலாக எரியும். உமிச்சாம்பல் பறந்து போய், விருந்தில் சேர்ந்திருந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் விழும். நெல் ஊறின தண்ணீரைத் திறக்கிற நேரம் வீசும் நாற்றத்தைக் கேட்கவே வேண்டாம். அப்புறம் முறைப்பாடு யார் மேல்? மண்டபம் மேலா? நான்தான் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்க அலைய வேண்டும். வாப்பா காலத்து மில், நேற்று வந்தவனுக்குத் தொந்தரவாகிவிடும்.

நெல்மூட்டை:
காக்கா, மண்டபம் வராவிட்டால் அந்தச் சாம்பல் எங்கே போகிறது? பின்வளவு வீடுகளுக்குத்தானே. கொடியில் போட்ட உடுப்பை மறுபடி அலசிக்கொண்டு உம்மா ஏசாத நாள் இல்லை. ஒழுங்கான தூசு பிடிக்கிற கருவி பூட்டுங்கள். வாப்பா காலத்து மில் என்றால் வாப்பா காலத்துப் புகையுமா?

அளவுநாடா:
மட்டக்களப்பில் கட்டிடப் படம் கீறுகிறவள் நான். ஒரு விஷயம் சொல்லட்டுமா? 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், நிலத்தின் பாவனையை மாற்றுவதையே அபிவிருத்தி வேலை என்றுதான் பார்க்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் பிரகடனமான பகுதியென்றால், ஒரு கல்லும் புதிதாக வைக்காவிட்டாலும் அனுமதி எடுக்க வேண்டும். "பழைய கட்டிடம்தானே" என்று எத்தனை பேர் என்னிடம் வந்து நிற்கிறார்கள்!

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. 1996ஆம் ஆண்டு விதிகளின்படி கைத்தொழில் பேட்டைக்குப் பகலில் 70 டெசிபல், இரவில் 60. பிரதேச சபைப் பகுதிக்கு 55, 45. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். ஊர் மில் வீதி என்று சொல்வதால் அது பேட்டை ஆகாது; பிரதேச சபைக் கணக்குத்தான். ஆகவே மில்லும் மாட்டும், மண்டபத்தின் ஸ்பீக்கரும் மாட்டும். என்னைக் கேட்டால் மரக்காலை, உதிரிப்பாகக் கடை, பெயின்ட் கடை வரட்டும். ஆள் கூடி உட்காருகிற மண்டபமும் பிள்ளைகளின் டியூஷனும் அங்கே வேண்டாம்.

நெல்மூட்டை:
அக்கா, அறுவடை மாதங்களில் மண்டபத்தைப் பூட்டுவது என்று நிபந்தனை போட்டால்?

உமிப்புகை:
தம்பி கல்யாணம் செய்து வைக்காத ஆள்போல! நெல் விற்ற காசு கையில் வந்த பிறகுதான் எங்கள் ஊரில் நாள் குறிப்பதே. அந்த இரண்டு மாதமும் பூட்டிவிட்டு யாருக்கு மண்டபம் நடத்துவார்? லொறி விஷயத்தை இன்னும் ஒருவரும் பேசவில்லை. எங்கள் வாசலில் லொறி திரும்ப வீதியின் முழு அகலமும் வேண்டும். மாப்பிள்ளை கார் வரிசையாக நின்றால் நெல் எந்த வழியால் உள்ளே வரும்?

நெல்மூட்டை:
அது சரி. வாகனம் நிறுத்தக் காணி இருக்கிறதா என்று வாங்கினவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன். ஆனால் புகைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, காக்கா.