புதுப்பிப்பு: மாடித் தக்காளியில் பூ உதிர்வது

மே வெயிலில் தக்காளிப் பூ உதிர்வதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். உரம் போதவில்லையா என்றே பலரும் கேட்டிருக்கிறீர்கள். காரணம் சூடுதான். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் தணியாவிட்டால் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ காம்போடு விழும். இந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) ஏற்றினால் இலைதான் கொழிக்கும். வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையைச் செடிக்கு மேலே இரண்டடி உயரத்தில் கட்டுங்கள், பக்கங்களில் காற்றோட்டம் இருக்கட்டும்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது செடிப் பையில் நிரப்பும் தேங்காய் நார்த்தூள் கலவை. ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் அது தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஊற்றிய தண்ணீர் ஓரமாக இறங்கி அடியில் வடியும். நனைந்துவிட்டது என்று நினைப்போம், செடி வாடும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் பையை அரைமணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். பிறகு தினமும் காலை ஏழுக்குள், பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தவணையாக ஊற்றுங்கள். மேலே சருகு மூடாக்கு அவசியம்.

இலையில் வெளிர்ப் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால், அது செம்பேன் என்ற சாறு உறிஞ்சும் சிற்றுயிரி. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

இந்த வெயிலில் விதைக்க வெண்டையும் கொத்தவரையும் போதும்.