சேற்றுயாளிக்குத் தோள் மட்டும் சரியாக வரவில்லை

வணக்கம் மக்களே. கும்பகோணத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, என் தாத்தா சொன்ன ஒரு கதையைச் சின்ன வீடியோ கேமாக்கிக்கொண்டிருக்கிறோம். கதையில் வருவது ஒரே ஒரு பாம்பு. கேமுக்கு அது போதாது என்று புதிதாக ஒரு டிராகன் இனத்தையே உண்டாக்கிவிட்டோம்: சேற்றுயாளி. வாய்க்கால் வற்றினால் விரால் மீன் மாதிரி சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் நுரையோடு வந்து மூக்கில் பட்டதும் எழுந்துவிடும்.

முகம் தாராசுரம் கோயில் யாளியைப் பார்த்து வரைந்தது. நன்றாகவே வந்துவிட்டது. சிக்கல் தோளில்தான். நான்கு கால், இரண்டு இறக்கை என்று பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் செய்தேன். முன்காலை நீட்டினால் இறக்கையின் அடியும் சேர்ந்து இழுபட்டு, பிழிந்த ஈரத்துண்டு மாதிரி முறுக்கிக்கொள்கிறது. எந்த எலும்பு தோலின் எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்கும் என்று குறிக்கும் வெயிட் பெயின்ட்டை நான்கு முறை அழித்துப் போட்டாயிற்று. இரண்டு கால் டிராகனான வைவெர்ன் போல முன்காலையே இறக்கையாக்கி, வௌவாலுக்கு இருப்பது மாதிரி விரல்களுக்கிடையே சவ்வு விட்டால் வேலை சுலபம். ஆனால் சேற்றைத் தோண்ட இதற்கு முன்கால் வேண்டுமே!

இறக்கைக்குத் தனித் தோள் எலும்பு வைத்து ரிக் (உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு பொருத்துவது) செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எலும்பு வரிசையின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று போதும்.

அப்புறம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துக்காரர்கள் பாளம் பாளமாக வெடித்த வயலை, நிழல் விழாமல் மேலிருந்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா? செதிலின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படம் அதுதான். எங்கள் வயலில் நேற்றே தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள்.