விடைத்தாள் ஓரத்தில் "நான் மொக்கு"

படுவான்கரை, கணிதம் படிப்பிக்கும் டீச்சர்:

இரண்டாம் தவணைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தரம் 11. ஒரு பிள்ளை கேத்திரகணிதக் கேள்வியை அரைவாசி வரை சரியாகச் செய்துவிட்டு, படத்தின் மேலேயே பென்சிலால் கிறுக்கியிருந்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் "நான் மொக்கு". பிறகு அழிறப்பரால் அழிக்கவும் பார்த்திருக்கிறாள். தாள் கிழிந்ததுதான் மிச்சம். புள்ளி 33. எஸ், அதாவது ஆகக் குறைந்த பாஸ் எடுக்க 35 வேண்டும்.

அடுத்த நாள் கூப்பிட்டு, எல்லா டீச்சர்மாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "நீ கெட்டிக்காரி, உன்னால ஏலும்." அவள் தலையை இன்னும் குனிந்துகொண்டு, "சும்மா சொல்லாதிங்க டீச்சர்" என்றாள். கையில் 33 போட்ட தாளை வைத்துக்கொண்டு நிற்பவளுக்கு அது சும்மாதானே.

அப்புறம் ஏதோ தோன்றிக் கேட்டேன். "உன்ர பக்கத்து மேசைக்காரி 33 எடுத்தா, அவளப் பாத்து மொக்கெண்டு சொல்லுவியா?"

"ஐயோ இல்ல டீச்சர். அவட அம்மா கட்டார்ல. தம்பிமாரப் பாக்கிறதும் சமைக்கிறதும் அவதான். எங்க டீச்சர் படிக்கிற?"

இவள் மட்டும் என்ன? விடிய நாலு மணிக்கு எழும்பி, அம்மாவோடு இடியப்பம் அவித்து, கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். சிநேகிதிக்கு நியாயம் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தன் இடியப்பத் தட்டு மட்டும் கணக்கில் வரவில்லை. அதைச் சொன்னபோது சிரித்தாள். அழுகையும் வந்தது.

கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003 முதல் எழுதிவருவது இதைத்தான் என்று பின்னர் வாசித்துத் தெரிந்துகொண்டேன். அவர் மூன்று விஷயம் சொல்கிறார். சிநேகிதிக்குக் காட்டும் பரிவைத் தனக்கும் காட்டுவது. சறுக்குவது எனக்கு மட்டும் நடப்பதில்லை, மனிதருக்குப் பொது என்று உணர்வது. நோவை மூடி மறைக்காமலும் அதற்குள் மூழ்காமலும் இருப்பது. தன்மதிப்பு என்று நாம் ஊட்டப்பார்ப்பது பெரும்பாலும் மற்றவனைவிட நான் மேல் என்ற ஒப்பீட்டில் நிற்கிறது. றிசல்ட் வருகிற நாளில், அது மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்துக் கைவிட்டுவிடும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அதே கிழமை கரும்பலகையில் ஒரு கணக்குப் பிழைத்துவிட்டது. என் வாய் தன்பாட்டில், "சே, எனக்கு மூளையே இல்ல" என்றது. வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாக இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்? பிள்ளைகள் தங்களை ஏசப் பழகும் இடம் எங்கே என்று நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

கல்முனை, மூன்று பிள்ளைகளின் வாப்பா:

எனது மூத்தவனுக்கு 15 வயது. கலியாண வீடு, விருந்து எதற்கும் வரமாட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உம்மா வீட்டுக்குப் போவது எங்கள் வழமை. அதற்கும் வயிற்று வலி, தலை வலி என்று சாட்டுச் சொல்வான். ஒரு நாள் அவன் பையில் வெளுப்பாக்கும் கிறீம் டப்பா அகப்பட்டது. "ஆம்பிளப் புள்ளைக்கு என்னடா அழகு?" என்று ஏசிவிட்டேன். கதவு சாத்தியது சாத்தியதுதான், பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. (அந்த கிறீம்களில் சிலதில் பாதரசம் இருக்கும், சிறுநீரகத்துக்குக் கேடு. அதை நான் முதலில் சொல்லியிருக்கலாம்.)

பிறகுதான் யோசித்தேன். உம்மா அவனைக் கூப்பிடுவது "கருவாயா" என்று. செல்லமாகத்தான். கூடியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். உம்மாவிடம் போய், இனி அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன். "ஒன்னையும் அப்படித்தானேடா கூப்பிட்ட, நீ என்ன செத்தா போனாய்?" என்று கேட்டா. சாகவில்லை. ஆனால் என் கலியாணப் படத்தில் பவுடர் அப்பிக்கொண்டு நிற்பது யார்?

இதை மகனுக்கு மோட்டார் சைக்கிளில் வைத்துச் சொன்னேன். நிந்தவூர் போகிற வழி, அவன் பின்னால். முகம் பார்க்கத் தேவையில்லை என்றால் அந்த வயதுப் பிள்ளைகளோடு கதைப்பது சுகம், இதை எல்லா வாப்பாமாருக்கும் சொல்லுவேன். என் பவுடர் கதையைக் கேட்டுவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் ஒரு கை மட்டும் வந்தது. வளைவில் பிடித்தானோ என்னவோ.

வாழைச்சேனை, ஓய்வுபெற்ற அதிபர்:

எல்லாம் சரி. ஆனால் இப்படித் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை புத்தகத்தைத் தொடுமா? எங்களை அடித்துத்தான் படிப்பித்தார்கள்.

படுவான்கரை டீச்சர்:

சேர், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. 2012 இல் பிரைன்ஸ், சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடினமான சொற்பரீட்சை ஒன்று வைத்தார்கள். சறுக்கிய பிறகு ஒரு பகுதியினரிடம், இது பலருக்கும் கஷ்டம்தான், உங்களை நீங்களே ஏசிக்கொள்ள வேண்டாம் என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், நீங்கள் கெட்டிக்காரர், அதனால்தானே இங்கே படிக்கிறீர்கள் என்று புகழ்ந்தார்கள். அடுத்த பரீட்சைக்குக் கூடிய நேரம் படித்தது முதலாவது பகுதிதான். தன்னை ஏசுகிற பிள்ளைக்குப் படிக்க ஆசை இருக்கும் சேர், ஆனால் புத்தகத்தைத் திறக்கவே பயப்படும்.

ஆரையம்பதி, வயது 19:

பெரியவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். டீச்சர் கேட்ட அந்தச் சிநேகிதிக் கேள்வியை ஒரு செயலமர்வில் என்னிடமும் கேட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நெஞ்சில் கை வைத்து உங்களுக்கு நீங்களே அன்பாகக் கதையுங்கள் என்றார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

எனக்கு உதவியது அம்மம்மா. தரம் 11 முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சை றிசல்ட் வந்த அன்று எனக்குக் கணிதத்தில் டபிள்யூ, அதாவது பெயில். மாமிமார், பக்கத்து வீடு, டியூசன் சேர், எல்லோரும் போன் எடுக்கிறார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தா. அம்மம்மா போனை வாங்கி, எடுக்கிற எல்லோருக்கும் ஒரே பதில்: "புள்ள சாப்பிடுறா. மறுகா எடுங்க." எட்டுப் பேருக்கு இதைச் சொன்னா. நான் சாப்பிடவேயில்லை, அறைக்குள் படுத்திருந்தேன். எட்டாவது போனுக்குப் பிறகு சோறும் மீன் சொதியும் போட்டுக்கொண்டு வந்து, "எழும்பு மனே, எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், இனிச் சாப்பிடத்தான் வேணும்" என்றா.

அடுத்த முறை எழுதி எஸ் எடுத்தேன், அது வேறு கதை. இப்போதும் இரவில் என் தலை என்னையே ஏசத் தொடங்கும்போது, "புள்ள சாப்பிடுறா, மறுகா எடுங்க" என்று சொல்லிப்பார்ப்பேன். நெஞ்சில் கை வைப்பதைவிட எனக்கு இது வேலை செய்கிறது.

அம்பாறை மாவட்டம், தாதி:

தங்கச்சியின் அம்மம்மாவுக்கு ஒரு கும்பிடு. கல்முனை வாப்பாவுக்கு ஒன்று: உங்கள் மகன் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று நினைப்பது பவிசு இல்லை. டேவிட் எல்கைன்ட் 1967 இலேயே இதைக் கற்பனைப் பார்வையாளர் என்று எழுதினார். அந்த வயதின் மூளை அப்படித்தான், ஊரே ஒரு மண்டபம், தான் மேடையில். அங்கே போய் "உன்ன ஆர் பாக்கப்போறாங்க?" என்றால் எடுபடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் வேலையில் பார்த்தது அப்படி. "நான் மொக்கு" வேறு, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம்" வேறு. இரண்டாவதைக் கேட்டால் ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். சாகிற யோசனை வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தனியே விடாமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

மட்டக்களப்பு நகர், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாக வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போன ஆள் நான். சண்டையில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் விளையாடி மனம் ஆற மட்டக்களப்பில் அமைத்த இடம் அது. 1996 இல் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடினோம். களிமண்ணில் நான் செய்த யானைக்குத் தும்பிக்கை விழுந்துவிடும், திரும்பத் திரும்ப விழும். அங்கே ஒருவரும் அதற்கு மாக்ஸ் போடவில்லை. மகளின் சித்திரக் கொப்பியை நான் பார்க்கும்போது முதலில் வாயில் வருவது, "என்ன இது கோணலாயிருக்கு?" இந்தப் பதிவை வாசித்த பிறகுதான் யானை ஞாபகம் வந்தது.

படுவான்கரை டீச்சர்:

இரண்டு மூன்று பேர் அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னோடிப் பரீட்சைத் தாள் நேற்று வந்தது. 31. முந்தியதைவிட இரண்டு குறைவு. ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை, படத்தையும் கிறுக்காமல் விட்டிருந்தாள். அதனால் எங்கே பிழைத்தது என்று எனக்குத் தெரிந்தது: ஒன்றுவிட்ட கோணத்தை ஒத்த கோணம் என்று எடுத்திருக்கிறாள். நாளைக்குப் பள்ளி விட்ட பிறகு அரை மணித்தியாலம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். வரும்போது இடியப்பம் கொண்டுவருகிறாளாம்.