டீலக்ஸ் எல்பி மறுபதிப்பு: கொடுக்கிற காசு ஒலிக்கா, பெட்டிக்கா?

தட்டுப்பித்தன்

பழைய ராக் ஆல்பங்களோட டீலக்ஸ் வினைல் (எல்பி இசைத்தட்டு) பதிப்புன்னு பேச்செடுத்தாலே ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடுறாங்க: ஃபோன்ல கேக்குற பாட்டையே பெரிய அட்டைக்குள்ள போட்டு விக்கிறாங்க, அவ்வளவுதான்னு. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. ஒழுங்கா செஞ்ச மறுபதிப்பு ஒலியிலயே வித்தியாசம் காட்டும்.

பிங்க் ஃபிளாய்டோட ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ எடுத்துக்கோங்க. 1973ல வந்த ஆல்பம். 2003ல 30ஆவது ஆண்டுக்காக கெவின் கிரே மாஸ்டரிங்ல (டேப்ல இருக்கறதைத் தட்டுக்கு ஏத்த மாதிரி கடைசியா சீர்படுத்துற வேலை) 180 கிராம் தட்டு வந்துச்சு. முதல் பக்கத்தோட கடைசிப் பாட்டு ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. கிளேர் டோரி ஒரு சொல்கூட இல்லாம வெறும் குரலாலயே உச்சத்துக்குப் போற இடம், தட்டுல லேபிளை ஒட்டின உள்வட்டத்துல வந்து விழுது. எல்பியில இதைவிட மோசமான இடம் கிடையாது. வெளிவிளிம்புல ஊசிக்கு அடியில நொடிக்கு 50 சென்டிமீட்டர் க்ரூவ், அதாவது பாட்டைச் செதுக்கின பள்ளம், ஓடும். உள்ள வர வர 21 சென்டிமீட்டருக்கு இறங்கிடும். அதே உச்ச ஸ்தாயியைப் பாதிக்கும் குறைஞ்ச நீளத்துல செதுக்கியாகணும். சுமாரா வெட்டின தட்டுல அங்க குரல் கிழியும். நல்லா வெட்டின தட்டுல அவங்க கத்தி ஓய்ஞ்சு, குரலைத் தணிச்சு, பியானோ பக்கத்துல வந்து அடங்குறது வரைக்கும் படிப்படியாக் கேக்கும். இதுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

பதினாறு பிட்

குரல் கிழியாமல் கேட்க வேண்டும் என்றால் சிடி போதுமே. அங்கே உள்வட்டம், வெளிவட்டம் என்ற பேதமே இல்லை. நீங்கள் புகழ்வது வினைலின் குறையைச் சமாளித்த ஓர் இன்ஜினியரின் திறமையை. அந்தத் திறமையை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் குறையே இல்லாத ஊடகம் 1982லேயே கடைக்கு வந்துவிட்டது.

எல்பியில் பாஸைக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டியாக வேண்டும். இல்லையென்றால் க்ரூவ் அகன்று இடம் பற்றாது. வீட்டில் போனோ ஆம்ப் அதைத் தலைகீழாக்கித் தருகிறது. இத்தனைக்கும் பிறகு நல்ல தட்டுக்கு 70 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் (மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி) கிடைத்தால் பெரிய விஷயம். 16 பிட் சிடிக்கு 96.

மறுபதிப்புக் கம்பெனியான மொபைல் ஃபிடெலிட்டி (மோஃபை) விவகாரத்தை யாரும் மறக்க வேண்டாம். ‘ஒன்-ஸ்டெப்’ என்ற பெயரில் 125 டாலர் விலையில் பெட்டி பெட்டியாக விற்றார்கள். சாதாரணமாக லாக்கரிலிருந்து (பாட்டை முதலில் செதுக்கும் தட்டு) ஃபாதர், மதர், ஸ்டாம்பர் என்று மூன்று உலோகப் படிகள் உண்டு. ஒன்-ஸ்டெப்பில் நடுவில் இரண்டைத் தவிர்ப்பதால் ஒரு லாக்கரிலிருந்து குறைந்த பிரதிகளே எடுக்க முடியும். அப்படியிருக்க, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 40,000 பிரதி என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு லாக்கருக்கும் அசல் டேப்பை ஓட்டினால் அது என்னத்துக்கு ஆகும் என்ற கேள்வி எழுந்தது. 2022 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்தில் ரெக்கார்டு கடை வைத்திருக்கும் மைக் எஸ்பொசிட்டோ இதை யூடியூபில் போட்டு உடைத்தார். பிறகு அந்தக் கம்பெனியின் இன்ஜினியர்களே கேமரா முன்னால் ஒப்புக்கொண்டார்கள்: டேப்பிலிருந்து முதலில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் கோப்பு, அதிலிருந்துதான் லாக்கர். 2011லிருந்தே இந்த முறை புழக்கத்தில் இருந்திருக்கிறது.

அதாவது பத்து வருடத்துக்கு மேலாக, உலகத்திலேயே விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய முனை) வைத்திருந்தவர்கள் ‘இதுதான் சுத்த அனலாக்’ என்று உருகிக்கொண்டிருந்தது டிஜிட்டல் கோப்பைக் கேட்டு. இதற்குப் பிறகும் அனலாக் என்ற முத்திரைக்குத் தனிக் காசு எதற்கு?

மூர் மார்க்கெட் ரசிகன்

ரெண்டு பேரும் மறுபதிப்பையே சுத்திச் சுத்தி வர்றீங்க தம்பிகளா. அசல் பதிப்பு எப்படி இருந்துச்சுன்னு கேட்டவங்களுக்கு இந்தச் சண்டையே வராது.

லெட் செப்பலினோட ரெண்டாவது ஆல்பம், 1969. அமெரிக்காவுல முதல்ல வந்ததை வெட்டினவர் ராபர்ட் லட்விக். லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவுல இருக்கற வெற்று வட்டத்தை டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா, ‘ஆர்எல்’னு கையால கீறின ரெண்டு எழுத்து தெரியும். சின்னதா, கொஞ்சம் கோணலா இருக்கும். அந்தத் தட்டுல பான்ஹாமோட டிரம்ஸ் அடி நெஞ்சுல விழும். அவ்வளவு தைரியமா வெட்டினதால மலிவான பிளேயர்கள்ல ஊசி எகிறுதுன்னு புகார் வந்து, கம்பெனி அதை நிறுத்திட்டு ஒலியை அடக்கி வேற தட்டு வெட்டச் சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் மக்கள் கேட்டது அந்த அடக்கின தட்டைத்தான்.

2014ல அந்தக் குழுவோட கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில பெரிய பெட்டியா மறுபடியும் வந்துச்சு, டிஜிட்டல் மாற்றத்துலேர்ந்து. சுத்தமா இருக்கு, நான் குறை சொல்லல. ஆனா அந்த அடி இல்ல. டேப்புக்கு வயசாயிடுச்சு. 1970கள்ல வந்த சில டேப்புல பசை இளகி, சூடு காட்டி உலர்த்தினாத்தான் ஓட்டவே முடியும்ங்கற நிலைமை. வயசான டேப்லேர்ந்து எந்த மேதை வெட்டினாலும் 1969ஐத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

தட்டுப்பித்தன்

பதினாறு பிட், மோஃபை விஷயத்துல கோபம் ஒலி மேல இல்ல, பொய் மேல. அதுக்காகத்தான் அமெரிக்காவுல வழக்குப் போட்டு, 2.5 கோடி டாலர் வரைக்கும் சமரசத்துல முடிஞ்சுது. அந்தத் தட்டுகள் நல்லாவே ஒலிச்சுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ விலை உயர்ந்த மறுபதிப்பு சும்மா பெட்டி வியாபாரம்ங்கற உங்க வாதம் என்ன ஆச்சு?

‘சிடி போதும்’ங்கறது காகிதத்துல சரி. கடையில கிடைக்கிற சிடியைப் பாருங்க. மெட்டாலிகாவோட ‘டெத் மேக்னெடிக்’, 2008. சத்தத்தை ஏத்தி ஏத்தி அலையோட தலையே வெட்டுப்பட்டு, ரசிகர்களே மறுபடி மாஸ்டர் பண்ணச் சொல்லி மனு போட்டாங்க. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸோட ‘ஸ்டேடியம் ஆர்கேடியம்’, 2006. சிடியில மூச்சு விட இடமில்லாம நெரிச்சிருக்காங்க. எல்பியை ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் தனியா மாஸ்டர் பண்ணதால கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவுல காத்து ஓடுது. 96 டெசிபல் இடம் கொடுத்தும் கடைசி சில டெசிபலை மட்டும் பயன்படுத்தினா அந்தக் கணக்கால எனக்கு என்ன லாபம்?

மூர் மார்க்கெட் சார், ஆர்எல் தட்டு பத்தி நீங்க சொன்னது முழுக்கச் சரி. ஆனா கீறல் இல்லாத ஒண்ணு இப்போ என்ன விலை? பல டீலக்ஸ் பெட்டிகளைச் சேர்த்து வாங்கலாம். பழசு எல்லாமே தங்கமும் இல்ல. 70கள்ல எண்ணெய் நெருக்கடி வந்தப்போ பழைய தட்டை உருக்கிக் கலந்து, மெலிசா அழுத்தி விட்டாங்க. நம்ம ஊர்ல புழங்கின கல்கத்தா டம்டம் தொழிற்சாலை பீட்டில்ஸ் தட்டுகள்லயும் அருமையானதும் உண்டு, இரைச்சல் தாங்காததும் உண்டு.

ஸ்கார்பரோ

நான் டிஜிட்டலோ அனலாக்கோ எண்டு பாத்து வாங்கிற ஆள் இல்லை. ஆனா டீலக்ஸ் பதிப்பு தேவை எண்டதுக்கு ஒரு நல்ல உதாரணம் என்னட்ட இருக்கு.

டயர் ஸ்ட்ரெயிட்ஸின்ர ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’, 1985. மொன்செராட் தீவில சோனி டிஜிட்டல் மெஷினில பதிவு செய்தது. பிறப்பிலேயே டிஜிட்டல். சிடி விற்பனையைத் தூக்கி நிறுத்தின ஆல்பம் எண்டும் சொல்லுவினம். ஆனா அந்த நேரம் எல்பி வாங்கின ஆக்களுக்குக் கிடைச்சது குறைச்ச வடிவம். 55 நிமிசப் பாட்டு ஒரு தட்டில அடங்காது எண்டு, ‘மணி ஃபார் நத்திங்’, ‘வை வொரி’ மாதிரிப் பாட்டுகளை வெட்டிச் சுருக்கிப்போட்டினம். பிறகு ரெண்டு தட்டாப் போட்ட மறுபதிப்பிலதான் முழுப் பாட்டும் வினைலில வந்தது. மோஃபை அதை நிமிசத்துக்கு 45 சுற்று வேகத்தில போட்டது. வேகம் கூட எண்டதால, நீங்கள் சொன்ன உள்வட்டப் பிரச்சினையும் குறையும். ‘வை வொரி’யின்ர கடைசியில வார்த்தை முடிஞ்ச பிறகு கிட்டார் ஆறுதலா நீண்டு போகும். அதை வெட்டின பதிப்பில அந்தப் பாட்டுக்கு நிம்மதியே இல்லை.

இது பெட்டி வியாபாரம் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஆனா பெட்டியையும் நான் விரும்புறன் பாருங்கோ. ‘டார்க் சைட்’ முதல் பதிப்போட ரெண்டு போஸ்டரும் ஸ்டிக்கரும் வந்தது. ஆல்பத்தைக் கேக்கேக்க அதையும் விரிச்சு வச்சுப் பாக்கோணும் எண்டுதான் அட்டையை வடிவமைச்ச ஹிப்நோசிஸ் ஆக்கள் அப்பிடிச் செய்தவை. மறுபதிப்பில அதைத் திருப்பிக் குடுக்கிறது அலங்காரம் இல்லை, அந்தப் படைப்பின்ர ஒரு துண்டு.

பதினாறு பிட்

ஸ்கார்பரோ, உங்கள் உதாரணம் எனக்குத்தான் சாதகம். முழுப் பாட்டும் 1985லேயே சிடியில் இருந்தது. வினைல் அதை எட்டிப் பிடிக்க இத்தனை வருடமும் இரண்டு தட்டும் தேவைப்பட்டன.

பித்தன், ‘ஸ்டேடியம் ஆர்கேடியம்’ பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். நெரித்த மாஸ்டரிங் அநியாயம். ஆனால் நியாயமான கோரிக்கை என்ன? அந்த எல்பிக்குச் செய்த மாஸ்டரிங்கை அப்படியே கோப்பாகக் கொடு என்பதுதான். நல்ல மாஸ்டரிங்கைப் பிணையாக வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கை விற்கிறார்கள். நாம் பிளாஸ்டிக்குக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டீலக்ஸ் பதிப்புகளில் எனக்கு மெய்யாகவே பிடித்தது 2022இல் வந்த பீட்டில்ஸ் ‘ரிவால்வர்’. 1966இல் நான்கு டிராக்கில் பதிந்ததால் ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் டிரம்ஸ், பாஸ், கிட்டார் எல்லாம் ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடந்தன. பிரிக்கவே முடியாது என்றிருந்ததை, சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் பிரித்துக் கொடுத்தது. ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக மிக்ஸ் செய்தார். மெக்கார்ட்னியின் பாஸ் தனியாக நடந்து வருவதை அதில் கேட்கலாம். அந்த ஒலி முழுக்க முழுக்க கம்ப்யூட்டருக்குள் பிறந்தது. அதை 180 கிராம் தட்டில் ஏற்றி, அதன்மேல் ஊசியை உரசிக் கேட்டால்தான் உண்மையான அனுபவம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

லூமினேட் நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவில் வினைல் வாங்குகிறவர்களில் பாதிப்பேரிடம்தான் பிளேயரே இருக்கிறது. 2024இல் ‘டார்க் சைட்’டைக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் வினைல் தட்டில் படம் அச்சடித்து வெளியிட்டார்கள். படத்துக்காக ஒவ்வொரு தட்டிலும் ஒரு பக்கம் மட்டுமே பாட்டு. ஒலிக்காகத்தான் வாங்குகிறார்கள் என்றால் இதை யாருக்காகச் செய்தார்கள்?

வடபழனி வால்வு

180 கிராம்னு அட்டை மேல பெரிய ஸ்டிக்கர் ஒட்டுறாங்களே, அது எடை. ஒலியைப் பத்தின தகவலே இல்ல. போன வருஷம் நான் ஆசையா வாங்கின ஒரு பெட்டியில ரெண்டாவது தட்டுக்கு நடு ஓட்டை தள்ளியிருந்துச்சு. சுத்தும்போது டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்குற கை) இடமும் வலமுமா ஆடுறது கண்ணுக்கே தெரியும். நீட்டி வாசிச்ச ஒவ்வொரு பியானோ சுரமும் மேலயும் கீழயும் அலைஞ்சு சுருதி கெட்டுது. வித்தவங்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பினா, பெட்டியைப் பிரிச்சுட்டீங்க, திருப்பி எடுக்க முடியாதுன்னு பதில். பிரிக்காம எப்படிங்க கேக்குறது?

அவ்வளவு விலை வாங்குற பொருளுக்கு அழுத்துற இடத்துல பரிசோதனை இல்லைன்னா, மாஸ்டர் டேப் எதுவா இருந்தா என்ன? 2020 பிப்ரவரியில கலிஃபோர்னியா பானிங்ல அப்போலோ மாஸ்டர்ஸ் எரிஞ்சு போனதுலேர்ந்து லாக்கர் தட்டு செய்யறதுக்கு ஜப்பான்ல ஒரு கம்பெனியை நம்பி இருந்த நிலைமை. அந்த நேரத்துல தேவையும் ஏறிடுச்சு. 2022ல அமெரிக்காவுல எண்ணிக்கையிலயே சிடியைத் தாண்டிடுச்சு வினைல். அவசர அவசரமா அழுத்தித் தள்ளுறதுல அடிபடுறது நாமதான்.

தட்டுப்பித்தன்

வால்வு, அந்த அனுபவம் கொடுமை. இதுல உங்க பக்கம்தான் நான்.

பதினாறு பிட், கண்ணாடித் தட்டை நானும் வாங்க மாட்டேன். ஆனா அதை வெச்சு எல்லாத்தையும் தள்ளாதீங்க. 2014ல பீட்டில்ஸ் மோனோ பெட்டி வந்துச்சே. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வந்த ஸ்டீரியோ பெட்டி டிஜிட்டல் கோப்புலேர்ந்து வெட்டினது, விமர்சனமும் வாங்குச்சு. மோனோவுக்கு ஷான் மேகியும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் அபே ரோட்ல உக்காந்து, பழைய தட்டுகளைப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டு, டிஜிட்டலே இல்லாம டேப்லேர்ந்து நேரா வெட்டினாங்க. அந்தக் காலத்துல பீட்டில்ஸ் கூட இருந்து மிக்ஸ் பண்ணது மோனோவைத்தான். அந்த மிக்ஸை, அந்த டேப்லேர்ந்து, கீறல் இல்லாம ஒரு சாதாரண ரசிகன் கையில கொடுத்தது மறுபதிப்புதான். மூர் மார்க்கெட் சார் சொல்ற மாதிரி அசல் தட்டு நல்ல நிலையில எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மூர் மார்க்கெட் ரசிகன்

மோனோ பெட்டியை நானும் ஒத்துக்குறேன். என்கிட்ட இருக்கு. அப்படி டேப்லேர்ந்து நேரா வெட்டினா மறுபதிப்புக்கு நான் எதிரி இல்ல. ரைனோ கம்பெனி 2023லேர்ந்து ஒரு வரிசை போடுது, கெவின் கிரே வெட்டுறது, ஒவ்வொண்ணும் 5,000 பிரதி, ஆரம்பிச்சப்போ விலை 40 டாலருக்குள்ள. போஸ்டர், புஸ்தகம்னு பெட்டியை ரொப்பாம டேப் பெட்டியோட படத்தையே உள்ள வெச்சுக் கொடுக்கறான். அந்த மாதிரி கொடுத்தா வாங்கலாம். மத்தபடி 300 டாலர் பெட்டிக்கு என் ஓட்டு கிடையாது.

பதினாறு பிட்

மோஃபையும் இப்போது தன் தளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் வழியை எழுதிப் போடுகிறது: டேப், டிஎஸ்டி 256, அனலாக் கன்சோல், லேத் (தட்டை வெட்டும் இயந்திரம்) என்று. டிஜிட்டல் என்று தெரிந்தும் ஆட்கள் வாங்குகிறார்கள். என் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பித்தன், உங்கள் 2003 தட்டிலிருந்து ‘கிரேட் கிக்’ பாட்டை 24 பிட்டில் பதிந்து ஏற்றுங்கள். சிடியிலிருந்து அதே பாட்டை நான் தருகிறேன். சத்த அளவை இரண்டிலும் 0.1 டெசிபலுக்குள் சமன் செய்யும் வேலையை வால்வு பார்க்கட்டும்; இரைச்சலும் கீறலும் காட்டிக்கொடுக்காதபடி குரல் உச்சத்தில் இருக்கும் துண்டை மட்டும் எடுப்போம். எது எது என்று சொல்லாமல் இங்கே வைத்து, எல்லாரும் எழுதட்டும்.

தட்டுப்பித்தன்

சம்மதம். ஆனா ஒண்ணு. தட்டைப் பதிஞ்ச கோப்பும் நல்லா ஒலிச்சா, ‘பாத்தீங்களா, டிஜிட்டல்லயே அடங்கிடுச்சு’ன்னு சொல்லி ஜெயிச்சதா அறிவிக்கக் கூடாது. கேள்வி, கெவின் கிரே வெட்டினதா, உங்க சிடியாங்கறதுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏத்துறேன்.

ஸ்கார்பரோ

அப்பிடியே ‘வை வொரி’யையும் போடுங்கோ. முழுசா.